பச்சைக் குருவிக்கு நான் சொன்ன பெயர்

தினை மணியை அலகில் வைத்து நெரித்து, ஒரு சின்னக் குருவி உமியைத் தள்ளும்போது எழும் ஓசையை ஓசை என்று சொல்வதே அதிகம். அடுப்பை அணைத்து, குழாயை இறுக்கி மூடி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால்தான் அது காதில் விழும். உமி கீழே கிடக்கும் தகரத்தில் பட்டு, நகத்தால் லேசாகத் தொட்டதுபோல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடியும் ஒன்று. எனக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், செம்பூரில், என் அம்மா தினமும் காலை ஒன்பது மணிக்குச் சமையலறை வேலையை அப்படியே போட்டுவிட்டு, பின்கதவின் நிலைப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில் நான் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டுமென்று பல வருஷங்களாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்திருக்கிறேன்.

எங்கள் வீடு செம்பூரிலிருந்து தேவ்நாருக்குப் போகிற சாலையில், இரண்டு மாடிக் கட்டிடங்கள் வரிசையாக நின்ற ஒரு காலனியில், தரைத்தளத்தில் இருந்தது. அப்பா டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிப்டுக்குத் தகுந்தபடி பஸ் பிடித்துப் போவார், வருவார்; வீட்டில் இருக்கும் நேரத்தில் பெரும்பாலும் தூங்குவார். சமையலறையை ஒட்டி, பாத்திரம் கழுவுகிற "மோரி". அதைத் தாண்டிப் பின்கதவு. கதவுக்கு வெளியே எட்டடி அகலத்தில் ஒரு வெற்றிடம். அப்புறம் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் "நாலா" என்று நாங்கள் சொன்ன சாக்கடைக் கால்வாய். அதன் கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரமும் ஆளுயரப் புல்லும். காற்று ஒரு பக்கமாக அடித்தால் சாக்கடை நாற்றம், இன்னொரு பக்கமாக அடித்தால் ஆலைகளின் வாயு நாற்றம். அந்த எட்டடி இடம்தான் அம்மாவின் தோட்டம், முற்றம், எல்லாமும். துணி காய்கிற கொடியின் ஒரு முனையில், பாதித் தேங்காய்ச் சிரட்டையில் மூன்று துளை போட்டு, வெள்ளை நூற்கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதில் ரேஷன் அரிசியைப் புடைக்கும்போது விழும் நொய்யைப் போடுவாள். சுவரின் மேல் ஒரு பழைய பால் டப்பாவின் மூடியில் தண்ணீர்.

அம்மா அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இந்தி பதினைந்து வருஷமாகியும் வாயில் நுழையவில்லை. "கிரானா" என்கிற மளிகைக் கடையில் போய் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். காலனியில் பெண்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டும் பேசுவார்கள். அம்மா அங்கே போகமாட்டாள். போனாலும் கடைசிப் படியில் உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது தானும் ஒரு வினாடி தாமதமாகச் சிரிப்பாள். அந்தத் தாமதம் எனக்கு அசிங்கமாக இருக்கும். கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நாளில் அம்மாவின் புடவைக் கட்டு, எண்ணெய் வைத்த தலை, ரிக்‌ஷாக்காரரிடம் அவள் தமிழிலேயே வழி சொல்வது, எல்லாமே அசிங்கமாகத்தான் இருந்தன. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஹோலி முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் அந்தக் குருவி வந்தது. ஒன்றே ஒன்று. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது. உடம்பு முழுக்கப் பச்சை. சிட்டுக்குருவிகள் அதை அண்டவிடாது என்றும், அவை சாப்பிட்டு எழுந்து போகிறவரைக்கும் புல் மறைவில் காத்திருந்து ஒன்பது மணி வாக்கில்தான் சிரட்டைக்கு வருகிறது என்றும் அம்மா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அரிசி நொய்யை அது ஒதுக்கிவிட்டுப் புல் விதையைத் தின்கிறது என்பதையும் கவனித்து, கடைக்குப் போய், கூண்டுப் பறவைக்கென்று விற்கிற உமி நீக்காத தினையை விரலால் காட்டி வாங்கி வந்தாள். குருவி வந்ததும் சத்தமில்லாமல் எட்டிப் பார்த்து, மறைந்து நின்று, திரும்பி என்னிடம் வந்து சொல்வாள்.

முதல் நாள் அவள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "ஏட்டி, மூக்கப் பாத்தா எங்கூரு நெல்லுக்குருவி கணக்கா இருக்கு. தத்துததும் அப்படியேதான். ஆனா ஒடம்பு பூராப் பச்சையா இருக்கே. எந்திரிச்சு வந்து என்னன்னு பாத்துச் சொல்லேன்."

நான் எழுந்திருக்கவில்லை. ஆண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அது மட்டும் காரணமில்லை. அம்மா கூப்பிட்டு எழுந்து போவது என்பதே அப்போது எனக்குப் பெரிய தோல்விபோல இருந்தது. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கையில் ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்று, "ஒங்க புஸ்தகத்துல எல்லாம் இருக்கும்லா?" என்றாள். பள்ளி நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்திருந்த ஒரு படப் புத்தகம் மேஜையில் கிடந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய புத்தகம். இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு வருகிற பறவைகளைப் பற்றியது. அதில் பனி மூடிய தோட்டத்தில் மர மேஜை நட்டு, அதன்மேல் தானியம் வைத்திருப்பார்கள். சுற்றிலும் பலவிதக் குருவிகள். நான் பக்கத்தைப் புரட்டினேன். பச்சையாக ஒரு பறவை இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, "இதுதான். கிரீன்ஃபிஞ்ச்" என்றேன்.

"பிஞ்சா?" என்று அம்மா குனிந்து பார்த்தாள். "வெண்டப் பிஞ்சு நெறமாத்தான் இருக்கு." படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது மூக்கு வேற மாதிரில்லா இருக்கு. அது ஈயம் கணக்கா இருக்கும்" என்றாள்.

"அங்கேருந்து இங்க வந்தா வெயில்ல நெறம் மாறும்மா. புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்றேன். புத்தகத்தில் அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை. நெல்லுக்குருவியெல்லாம் பாம்பேக்கு வராது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு மோரிக்குத் திரும்பிப் போனாள். தொல்லை விட்டது என்று நான் பரீட்சைக்குப் படித்தேன்.

விடவில்லை. அந்தப் பெயர் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்து எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை கடல், ஒற்றைக் குருவியாக அது எப்படி வழி தெரிந்து வந்திருக்கும் என்றெல்லாம் அப்பாவிடம் சாப்பாடு போடும்போது கேட்டாள். "ஊர விட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்து கெடக்கே" என்று ஒரு நாள் தானாகச் சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரப் பெண்மணி சுமன் தாயியை, அதுவரை பால் பாத்திரம் மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு பேச்சு இல்லாதவளை, கையைப் பிடித்துக் கூட்டி வந்து பின்கதவு வழியாகக் காட்டினாள். சுமன் தாயியின் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ பையன்கள் ஹோலிக்கு இதன்மேலும் கலர் ஊற்றிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அப்போது அம்மா, நான் காட்டிய படப் புத்தகத்தை உள்ளேயிருந்து எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தாள். ஆங்கிலப் புத்தகத்துக்கு முன்னால் அவர் வாயடைத்துப்போனார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த மனிதர் கண்ணால் கண்டதைச் சொன்னார்; என் அம்மாவும் முதல் நாள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள்; என் புத்தகம் இரண்டு பேர் வாயையும் மூடிவிட்டது.

பிறகு காலனியே வந்தது. காலையில் ஒவ்வொருவராகப் பின்கதவுக்கு வந்து நின்றார்கள். அம்மா ஒரு வாக்கியத்தைச் சுமன் தாயியிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள்: "யே விலாயத் சே ஆயா ஹை." இது சீமையிலிருந்து வந்தது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து அவள் தடுமாறாமல் சொன்ன முதல் முழு இந்தி வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு இன்னும் சில வாக்கியங்கள் வந்தன. குருவி எத்தனை மணிக்கு வரும், என்ன தின்னும், சிட்டுக்குருவிகள் அதை எப்படி விரட்டும் என்பதையெல்லாம் கையும் கண்ணும் இந்தியும் தமிழுமாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். மதியம் மூன்று மணிக்கு அவளும் முறத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போக ஆரம்பித்தாள். கடைசிப் படியில் அல்ல, நடுவில் உட்கார்ந்தாள். அவர்கள் சிரிக்கும்போது அவளும் சேர்ந்தே சிரித்தாள். அப்பாகூட, "ஒங்கம்மாவுக்கு வாய் தெறந்துட்டு" என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பரீட்சை முடிந்த மறுநாள் காலையில்தான் நான் அந்தக் குருவியைச் சரியாகப் பார்த்தேன். நிலைப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். குருவி சிரட்டையின் விளிம்பில் உட்கார்ந்து தினையை நெரித்துக்கொண்டிருந்தது. புத்தகத்துப் பறவைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புத்தகத்தில் இருந்ததன் இறக்கையில் மஞ்சள் பட்டை உண்டு, உடம்பு பெரியது. இதன் வயிறு கொத்தமல்லித் துவையலைப் போலப் பளீரென்ற பச்சை, முதுகோ கருத்துப்போன பச்சை. அலகு அம்மா சொன்னபடி ஈயம் போலத் தடித்து இருந்தது. அது எழுந்து போன பிறகு நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அது வழக்கமாகப் பிடித்து உட்கார்கிற இடத்தில் வெள்ளைக் கயிறு பச்சை பிடித்திருந்தது. தண்ணீர் மூடியின் அடியிலும் பச்சை. பாசி என்று அம்மா நினைத்துத் தினமும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கயிற்றில் பாசி பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். சாயம் என்ற வார்த்தை என் மனசில் வந்தது. வந்ததை நான் அப்படியே அமுக்கிவிட்டேன். இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, இனிமேல் சொல்வதெப்படி என்று இருந்தது.

அதற்குள் அம்மா வேறொன்று செய்துவிட்டாள். எங்கள் சாலைக்கு எதிர்ச் சாரியில் இருந்த ஒரு பழைய பங்களாவில் ஒரு மாமி இருந்தார். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு, இன்னும் சிலரோடு கழிமுகத்துப் பக்கம் நாரை, கொக்கு, பூநாரை பார்க்கப் போவார். காலனியில் எங்களுக்கெல்லாம் அவர் "பைனாகுலர் மாமி." மாதக் கார்த்திகை நாளன்று முருகன் கோயிலில் அவரைப் பார்த்ததும், அதுவரை அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்திராத அம்மா, நேரே போய் அவர் முன்னால் நின்றாள். நான் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டு, தன் வீட்டுப் பின்புறத்துக்குக் கிரீன்பிஞ்சு ஒன்று தினமும் வருவதாகச் சொன்னாள். மாமி முதலில் புரியாமல் விழித்தார். பிறகு பெயரை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தப் பறவை இந்தியாவிலேயே இப்படி வந்ததாகத் தான் கேள்விப்பட்டதில்லையென்றும், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா அடி எட்டிப் போட்டு நடந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. வெள்ளி, சனி என்று இரண்டு முழு நாள் எனக்கு இருந்தது. அம்மா பின்புறத்தைக் கழுவினாள், சுவருக்கு வெள்ளையடிக்க முடியுமா என்று அப்பாவைக் கேட்டாள், சுமன் தாயி வீட்டிலிருந்து மூன்று நாற்காலி வாங்கி வைத்தாள். அவள் தனியாக இருந்த நேரங்களில் நான் சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவை, "அம்மா" என்று கூப்பிட்டும்விட்டேன். அவள் ரவையை வறுத்துக்கொண்டே திரும்பி, "பசிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு மாமி வந்தார். கூட ஒரு பெரியவரும், நோட்டுப் புத்தகத்தோடு ஒரு கல்லூரிப் பெண்ணும். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். சுமன் தாயியும் மாடிவீட்டுப் பெண்களும் மோரிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் கேசரித் தட்டுகளை வைத்துக்கொண்டு அடுப்பு மேடையோரம் நின்றேன். குருவி அன்றைக்கு வராமல் போய்விட வேண்டும் என்று நான் வேண்டிய அளவுக்கு எந்தப் பரீட்சைக்கும் வேண்டியதில்லை. ஒன்பது அடித்தது. சிட்டுக்குருவிகள் எழுந்து போயின. புல்லிலிருந்து பச்சைக் குருவி வந்து சிரட்டையில் உட்கார்ந்தது.

மாமி தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட்டார். பெரியவரைப் பார்த்தார். பெரியவர் உதட்டை மடித்துக்கொண்டார். குருவி சாப்பிட்டு எழுந்து போகிறவரைக்கும் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு மாமி எழுந்து கொடியருகே போனார். கயிற்றை விரலால் உருவிப் பார்த்து, விரலை எங்கள் பக்கம் காட்டினார். பச்சை ஒட்டியிருந்தது.

"இது சாயம்மா" என்றார். "நம்மூர்ச் சில்லைதான் இது. வலை போட்டுப் பிடிச்சு, பச்சைச் சாயத்துல முக்கி, ஃபாரின் பறவைன்னு சொல்லி விக்கறா. வயிறு வெள்ளையா இருக்கறதால அங்க மட்டும் சாயம் பளிச்சுனு ஏறிருக்கு பாருங்கோ. எங்கேயோ கூண்டுலேர்ந்து தப்பிச்சு வந்திருக்கு, பாவம்."

கல்லூரிப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும், என்ன நடந்தது என்று சரியாகப் புரியாத மாடிவீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். சுமன் தாயியின் கணவர் வெளியிலிருந்து "ஹோலி, ஹோலி" என்றார். அதற்கு எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஒரு வினாடி தாமதமாக.

மாமி கெட்டவரில்லை. சிரிப்பை நிறுத்துவதற்காகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "கிரீன்ஃபிஞ்ச்னு யாரும்மா பேர் சொன்னா?"

நான் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள்.

"நாந்தாம்மா" என்றாள். "புஸ்தகத்துல படத்தப் பாத்து நானா வச்சுக்கிட்ட பேருதான். எனக்கு இங்கிலீசு எங்க தெரியும்? எம் பொண்ணு அப்பமே சொன்னா, இது நெல்லுக்குருவி மாதிரில்லா இருக்குன்னு. நாந்தான் கேக்கல."

மாமியின் முகம் மாறியது. என்னைப் பார்த்து, "நெல்லுக்குருவின்னு நீ சொன்னியா? அதுதான் இது. சில்லைக்கு ஊர்ப் பக்கம் அதுதான் பேர். சாயத்துக்கு உள்ள பறவையப் பாத்திருக்கியே, சமத்து" என்றார். பெரியவர் என் தலையைத் தடவினார். நான் "இல்லை" என்று சொல்லவில்லை. கேசரித் தட்டுகளைக் கொடுத்தேன். எல்லோரும் நன்றாயிருக்கிறதென்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மா புடவையை மாற்றிக்கொண்டு, நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, பாத்திரம் கழுவினாள். நான் எப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள். அல்லது, நான் முதல் நாளே நெல்லுக்குருவி என்று சொன்னேனே என்றாவது சொல்லிக்காட்டுவாள். அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. ஒரு அடி அடித்திருந்தால் நான் அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவளோ எனக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் செய்தாள்.

அடுத்த வாரம் மாமி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, தாம் உபயோகித்த பறவைக் கையேடு ஒன்றைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களோடு வரச் சொன்னார். போனேன். மூன்று வருஷம் போனேன். கழிமுகத்துச் சேற்றில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் நிற்பதை முதன்முதலாக அவர் தொலைநோக்கியில்தான் பார்த்தேன். உயிரியல் படித்தேன், ஆசிரியையானேன், பிள்ளைகளை ஏரிக்கும் கழிமுகத்துக்கும் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறவள் என்று பள்ளியில் ஒரு பெயரும் வந்தது. பறவைமேல் ஆசை எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், சின்ன வயதில் சாயம் பூசிய சில்லையை நான் அடையாளம் கண்டுபிடித்ததையும், ஒரு மாமி பாராட்டிப் புத்தகம் தந்ததையும் சொல்வேன். மேடையில்கூட ஒரு முறை சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

அம்மா அதற்குப் பிறகு மாடிப்படிக்குக் கீழே போகவில்லை. சுமன் தாயி இரண்டு நாள் வந்து கூப்பிட்டாள். தலைவலி என்று கையால் காட்டினாள். பழகியிருந்த இந்தி வாக்கியங்கள் எங்கே போயினவோ, மறுபடியும் கடையில் விரலால் காட்டத் தொடங்கினாள். அப்பா ஓய்வு பெறுகிறவரைக்கும் அந்தக் காலனியில் இருந்தோம். அத்தனை வருஷமும் அவளுக்கு அங்கே தோழி என்று யாருமில்லை.

குருவிக்கு மட்டும் தினை வைப்பதை அவள் நிறுத்தவில்லை. மழைக்காலம் ஆரம்பித்ததும் அதன் பச்சை வெளிறிக்கொண்டே வந்தது. வயிற்றில் அங்கங்கே வெள்ளை தெரிந்தது. முதுகில் பழுப்பு இறகுகள் முளைத்தன. ஒரு நாள் பார்த்தால் சாயம் கழுத்தோரம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அப்போது அது யார் கண்ணுக்கும் அதிசயமில்லை. அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பின்னால் நிற்பேன். ஆடி மாதத்துப் பெருமழை நான்கு நாள் விடாமல் அடித்து நின்ற பிறகு அது வரவில்லை.

இப்போது நான் கோபர்கைரனேயில் பத்தாவது மாடியில் இருக்கிறேன். புறா வராமலிருக்கப் பால்கனி முழுக்க வலை அடித்த வீடு. அந்தக் காலனி இடிக்கப்பட்டு, இருபது மாடிக் கட்டிடம் எழும்பிவிட்டது. நாலாவை மேலே மூடி வண்டிகள் நிறுத்துகிறார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இடம்கூடத் தெரியவில்லை. மாமியின் பங்களாவில் இப்போது கார் விற்கிறார்கள். சாயக் குருவி விற்கிறவர்களைத் தெருவில் பார்த்து வெகுகாலமாயிற்று, அது நல்லதுதான். சிட்டுக்குருவி வந்தாலே பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், அவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, என்னவோ துணிச்சலில் அந்தப் பேச்சை எடுத்தேன். பச்சைக் குருவியை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். நெல்லுக்குருவி என்று முதல் நாளே சொன்னவள் அவள்தான் என்றும், நான் எழுந்து வந்து பார்க்கக்கூட இல்லாமல் பொய்ப் பெயர் சொன்னேன் என்றும், அத்தனை பேர் முன்னால் அவள் என் பழியை ஏற்றுக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன.

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்னட்டி சொல்லுத? நெல்லுக்குருவின்னு கண்டுபிடிச்சதே நீதானே. அந்த மாமி ஒன்ன மெச்சிட்டுப் போனாங்களே. நாந்தான் கிறுக்கி மாதிரி சீமக் குருவி, சீமக் குருவின்னு வீடு வீடாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." சொல்லிவிட்டுத் தன்னை நினைத்தே கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. நீதான் மொதல்ல சொன்ன. மூக்கப் பாத்தே சொல்லிட்ட."

"ஒனக்கு மறந்து போச்சு" என்றாள் உறுதியாக. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

என்னைக் காப்பாற்ற அன்றைக்குச் சொன்ன பொய்யை அவளே நம்பிவிட்டாளா, அல்லது இன்னமும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. நம்பிவிட்டாள் என்றுதான் அவள் கண்ணைப் பார்த்தபோது தோன்றியது. அப்படியானால் இத்தனை வருஷமும் தன்னை ஒரு முட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவள் வாழ்ந்திருக்கிறாள். நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஒத்துக்கொள்கிறவரைக்கும் விட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. அவளுக்கு ஞாபகமில்லை என்று தெரிந்த அந்தச் சாயங்காலம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. செய்த தப்பைவிட அந்த நிம்மதிக்காகத்தான் இன்று அதிகம் வெட்கப்படுகிறேன்.